கிடங்குச் சாவி யாரிடம்?
சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் முறை

முன்னாளில் வாடிக்கையாளரின் கணக்கு என்பது கிளையிலிருந்த பேரேட்டின் ஒரு பக்கம். இன்று அப்பக்கம் தொலைவிலுள்ள தரவு மையத்தில் இருக்கிறது. மட்டாஞ்சேரிக் கிளையில் பணம் செலுத்தினாலும், மதுரை ஏ.டி.எம். ஒன்றில் எடுத்தாலும், பதிவாவது அதே பக்கத்தில்தான். நெஃப்ட் சேவை 2019 டிசம்பர் 16 முதலும், ஆர்.டி.ஜி.எஸ். சேவை 2020 டிசம்பர் 14 முதலும் எல்லா நாட்களிலும் 24 மணி நேரமும் இயங்கி வருகின்றன. ஆகவே, அந்தப் பேரேட்டை மூடிவைப்பதற்கு இரவு என ஒன்று இப்போது இல்லை.

ஒரு சர்வர் பழுதுற்றால் மற்றொன்று உடனே அதன் பணியை ஏற்க வேண்டும். இதற்காகச் சில சர்வர்களை ஒரு குழுவாக இணைத்து வைக்கிறார்கள். இக்குழுவைக் கிளஸ்டர் என்றும், அதிலுள்ள ஒவ்வொரு சர்வரையும் கணு என்றும் அழைக்கிறோம்.

துடிப்பு

கணுக்கள் ஒன்றுக்கொன்று இடைவிடாமல் ஒரு சிறு செய்தியை அனுப்பிக்கொண்டிருக்கும். "நான் இயங்குகிறேன்" என்பதே அதன் பொருள். இதனை இதயத்துடிப்பு என்பது கணினித் துறையினர் வழக்கு. ஒரு கணுவிலிருந்து தொடர்ந்து சில துடிப்புகள் வராவிடில், அது செயலிழந்ததாகக் கருதப்படும். இச்செய்திகளுக்கெனத் தனி நெட்வொர்க் அமைப்பதும், ஒரு கேபிள் அறுந்தால் மற்றொன்று உதவும்படி இரு வழிகள் வைப்பதும் நல்ல நடைமுறை.

எனினும் இங்கு ஓர் இடர் உண்டு. துடிப்பு வராமைக்குக் காரணம் கணு நின்றுபோனதாகவும் இருக்கலாம். கணு நலமாயிருக்க, இடையிலுள்ள வழி மட்டும் அறுந்ததாகவும் இருக்கலாம். மறுபுறம் காத்திருக்கும் கணுவால் இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய இயலாது.

நூறு மூட்டை மிளகு

மட்டாஞ்சேரி யூதர் தெருவில் 1957ஆம் ஆண்டு முதல் மிளகின் முன்பேரச் சந்தை நடந்து வந்தது. அவ்வூர் வணிகத்தையே உதாரணமாகக் கொள்வோம். அண்ணன் மட்டாஞ்சேரியிலும் தம்பி எர்ணாகுளத்திலும் அமர்ந்து கூட்டாகத் தொழில் செய்கிறார்கள். கிடங்கில் இருப்பது 100 மூட்டை மிளகு. ஒருநாள் தொலைபேசி அறுந்துவிடுகிறது. 'தம்பி கடை திறக்கவில்லை போலும்' என எண்ணி அண்ணன் 100 மூட்டையையும் விலை பேசிவிடுகிறார். அதே எண்ணத்தில் தம்பியும் அதே மூட்டைகளை விற்றுவிடுகிறார். இருவரும் நேர்மையாளர்களே, ஆயினும் வாக்களித்தது 200 மூட்டை, இருப்பதோ 100.

வங்கியில் இதுவே நேர்ந்தால், 10,000 ரூபாய் இருப்புள்ள கணக்கிலிருந்து அத்தொகை இருமுறை வெளியேறக்கூடும். கிளஸ்டர் இரண்டாகப் பிளந்து, இரு பகுதியும் தாமே தலைமை என எண்ணிச் செயல்படும் இந்நிலைக்கு 'ஸ்பிளிட் பிரெய்ன்' என்று பெயர்.

இதற்கு இரு காப்புகள் உள்ளன. முதலாவது பெரும்பான்மை. மூன்றாம் பங்குதாரர் ஒருவரைச் சேர்த்து, இருவர் இசைந்தாலன்றி விற்பனையில்லை என விதித்துவிட்டால், தனித்து விடப்பட்டவர் தாமே நிறுத்திக்கொள்வார். மூன்று கணுக்களில் இரண்டும், ஐந்தில் மூன்றும் பெரும்பான்மை. பிளவுண்ட இரு பகுதிகளும் ஒருங்கே பெரும்பான்மை பெறுதல் இயலாது. இரு கணுக்களே உள்ள இடத்தில், சாட்சியாக மூன்றாவது ஒன்றை வேறிடத்தில் அமைப்பர்.

இரண்டாவது, கிடங்குச் சாவி. பேசாதிருக்கும் கணு சற்று நேரத்தில் விழித்தெழுந்து, பாதியில் விட்ட பணியைத் தொடர முற்படலாம். ஆகவே பொறுப்பேற்கும் கணு, முதலில் மற்றதன் மின்சாரத்தையோ, தரவுச் சேமிப்பகத்தை அணுகும் உரிமையையோ துண்டிக்கச் செய்கிறது. சாவி கைக்கு வந்த பின்னரே விற்பனை தொடங்கும்.

43 நொடிகள்

2018 அக்டோபர் 21 அன்று, மென்பொருள் சேமிப்புத் தளமான கிட்ஹப்பின் அமெரிக்கக் கிழக்குக் கரை மையத்தில் நெட்வொர்க் இணைப்பு 43 நொடிகள் அறுந்தது. அதற்குள் தலைமை மேற்குக் கரைக்கு மாறிவிட்டது. ஆனால், கிழக்கில் பதிவான சில மாற்றங்கள் மேற்கைச் சென்றடைந்திருக்கவில்லை. விரைவைவிடத் தரவின் செம்மையே முதன்மை என அந்நிறுவனம் முடிவு செய்தது. சேவை முழுமையாகச் சீரடைய 24 மணி 11 நிமிடம் ஆயிற்று.

தொலைவும் ஒரு காப்பே. 2018 ஆகஸ்டில் பெரியாறு பெருக்கெடுத்தபோது, நெடும்பாசேரியிலுள்ள கொச்சி விமான நிலையம் 15ஆம் நாள் மூடப்பட்டு 29ஆம் நாளே திறக்கப்பட்டது. இடையில் 20ஆம் நாள் முதல், மட்டாஞ்சேரிக்கு எதிரேயுள்ள வில்லிங்டன் தீவின் கடற்படைத் தளத்தில் சிறிய பயணிகள் விமானங்கள் இறங்கின. இரு தளங்களும் அடுத்தடுத்து இருந்திருப்பின் இது இயன்றிராது. வங்கிகள் மாற்றுத் தரவு மையத்தை வேறு நிலநடுக்க மண்டலத்தில் அமைப்பதும் இக்கருத்தினாலேயே.

ஆனால் தொலைவுக்கு விலை உண்டு. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். 1,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து மறுமொழி வர 10 மில்லிநொடி ஆகும். ஒவ்வொரு பதிவுக்கும் இவ்வாறு காத்திருந்தால் வேலை தேங்கும் என்பதால், தொலைவு மையத்தின் படி சற்றே பின்தங்கியிருப்பது வழக்கம். அங்கு மாறுவதா என்பதை இயந்திரத்திடம் விடாமல் பெரும்பாலும் அலுவலர்களே முடிவு செய்கிறார்கள்.

வாடிக்கையாளர் கவனத்திற்கு

"சேவை தற்காலிகமாக இல்லை" என்னும் அறிவிப்பு சலிப்பூட்டுவதே. எனினும், பெரும்பான்மை கிட்டாத கணு எழுத மறுப்பதும் அதற்கு ஒரு காரணமாகலாம். அம்மறுப்பு தங்கள் இருப்பைக் காக்கிறது. அத்தருணத்தில் அதே தொகையை மீண்டும் அனுப்பாமல், முதலில் கணக்கு விவரத்தைப் பார்த்தல் நலம்.

பணம் வராமலே கணக்கில் பற்று வைக்கப்பட்டிருந்தால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் 20 நாளிட்ட சுற்றறிக்கை காலவரம்பு விதித்துள்ளது. ஏ.டி.எம். எனில் பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள்ளும், தனிநபர்களுக்கிடையிலான யு.பி.ஐ. எனில் மறுநாளுக்குள்ளும் தொகை திரும்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. புகாருக்குக் காத்திராமல் வங்கியே அதனை வரவு வைக்க வேண்டும். பரிவர்த்தனை எண்ணையும் நேரத்தையும் குறித்துவைத்துக்கொண்டால், கிளையில் விசாரிப்பது எளிதாகும்.