எப்படி இயங்குகிறது? பதின்மூன்று சீட்டில் ஒரு சாப்பாடு

ஐப்பசி பிறந்தால் பழனி மலையில் மழையும் மூடுபனியும் மாறிமாறி வரும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் தோட்ட வேலை பாதியில் நிற்கும். கொடைக்கானலில் நாலு மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கும். வீட்டில் இருவர் மட்டும் இருக்கும் அந்த மாதிரி மாலைக்கு ரம்மி நன்றாக ஒத்துவரும். ஒரு கட்டுச் சீட்டு, ஒரு தாள், ஒரு பேனா போதும். சமையல் தெரிந்தவருக்கு இந்த ஆட்டம் பாதி தெரிந்த மாதிரிதான்.

சந்தை

52 சீட்டோடு ஒரு ஜோக்கரைச் சேர்த்து 53 ஆக்கிக்கொள்ளுங்கள். கலைத்து, எதிரில் இருப்பவரை வெட்டச் சொல்லி, ஆளுக்கு 13 போடுங்கள். அடுத்த சீட்டைத் திருப்பி நடுவில் வையுங்கள்; அது மேல்சீட்டு. மீதிக் கட்டிலிருந்து இன்னொன்றை உருவி, முகம் தெரியும்படி அடியில் குறுக்காகச் செருகுங்கள். அது 5 என்றால், மற்ற மூன்று 5-களும் இந்த ஆட்டத்துக்கு ஜோக்கர். அச்சடித்ததையும் சேர்த்தால் நான்கு. எடுப்பதற்குக் கட்டில் 25 சீட்டு மிஞ்சும்.

உங்கள் முறை வந்தால் ஒன்று எடுக்க வேண்டும், ஒன்று போட வேண்டும். மேல்சீட்டு, கடையில் பரப்பி வைத்த காய், பார்த்து எடுக்கலாம். மூடிய கட்டு, வாய் கட்டிய மூட்டை; கைக்கு வந்ததுதான். எதை எடுத்தாலும் ஒன்றைப் போட்டுவிட்டுக் கையில் 13-ஓடு நிற்க வேண்டும்.

சமையல்

இந்தப் பதின்மூன்றையும் ஒரு முழுச் சாப்பாடாக்குவதுதான் ஆட்டம்.

முதலில் சோறு. ஒரே இனத்தில் அடுத்தடுத்து மூன்று சீட்டாவது ஜோக்கர் கலக்காமல் வர வேண்டும்: இஸ்பேட் 6, 7, 8 போல. இதை ஒரிஜினல் என்பார்கள். அடுத்தது குழம்பு: இன்னொரு வரிசை. இதில் ஜோக்கர் சேரலாம். டைமன் ஜாக்கியும் ராணியும் இருந்து ராஜா வரவில்லையா, ஒரு ஜோக்கரை வைத்துவிடலாம். மீதியில் பொரியல், கூட்டு: வெவ்வேறு இனத்தில் ஒரே எண் மூன்றோ நான்கோ சேர்ந்தால் அது செட். ஏஸ் என்பது 2, 3-க்கு முன்னாலும் நிற்கும்; ராணி, ராஜாவுக்குப் பின்னாலும் நிற்கும். ராஜா, ஏஸ், 2 என்று வளைந்து வராது.

ஜோக்கர் உருளைக்கிழங்கு. குழம்பிலும் பொரியலிலும் எந்தக் காய் குறைந்தாலும் அந்த இடத்தை நிரப்பும். சோற்றுக்குப் பதிலாக மட்டும் நிற்காது.

ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்கே கொதித்துவிடுவதால், கொடைக்கானலில் சோறு வேக நேரமாகும். அதனால் உலையை முதலில் ஏற்றிவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பார்கள். ரம்மியிலும் ஒரிஜினல்தான் தாமதமாகும். அதைத்தான் முதலில் தேட வேண்டும். எல்லாம் சேர்ந்ததும் பதினான்காவது சீட்டைக் கவிழ்த்துப் போட்டுக் கையை விரித்துக் காட்டலாம்.

மிச்சக் கணக்கு

ஜெயித்தவருக்குப் பூஜ்யம். தோற்றவர், சமைக்காமல் மிஞ்சிய சரக்கின் விலையை எழுதிக்கொள்ள வேண்டும். ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி தலா 10, எண் சீட்டுக்கு அதனதன் எண், ஜோக்கருக்கு ஒன்றுமில்லை.

ஒரு கையைப் பார்ப்போம். இஸ்பேட் 6, 7, 8; டைமன் ஜாக்கி, ராணி, ஒரு ஜோக்கர்; மூன்று 9-கள். உதிரியாகக் கிளாவர் ராஜா, ஆட்டின் ஏஸ், ஆட்டின் 4, டைமன் 2. உதிரிக்கு மட்டும் கணக்கு: 26. இதே கையில் இஸ்பேட் 8-க்குப் பதில் இஸ்பேட் 10 இருந்தால்? ஒரிஜினல் இல்லை. சோறே வேகாதபோது குழம்பும் பொரியலும் சாப்பாடாகாது. பதின்மூன்றையும் கூட்ட வேண்டும்: 96. உச்சவரம்பு 80 என்பதால் 80 எழுதுவார்கள். இதுதான் ஃபுல் கவுண்ட். தப்பாகக் கையை விரித்துக் காட்டியவருக்கும் அதே 80.

சிலருக்கு ஒரிஜினல் இருக்கும், இரண்டாவது வரிசை இருக்காது. அவர் ஒரிஜினலை மட்டும் கழித்துவிட்டு மற்றதையெல்லாம் கூட்ட வேண்டும்.

போடும் கை

ரம்மியின் சாரம் எடுப்பதைவிடப் போடுவதில் இருக்கிறது. ஒரே கட்டில் ஆடுவதால் ஒவ்வொரு சீட்டும் ஒன்றே ஒன்று. நீங்கள் காத்திருக்கும் ஆட்டின் 7 எதிரில் இருப்பவர் வரிசையில் உட்கார்ந்துவிட்டால் அது வரவே வராது. அவர் மேல்சீட்டிலிருந்து கிளாவர் 8-ஐ எடுத்தாரா? இனி கிளாவர் 6, 7, 9, 10 எதையும் போடாதீர்கள். வேறு இனத்து 8-ஐயும் போடாதீர்கள். நீங்கள் கழித்த காய் அவர் குழம்பில் விழும்.

ஜோடி சேராத படச் சீட்டுகள் சீசன் ப்ளம்ஸ் போல, பார்க்க அழகு, வைத்திருந்தால் நட்டம். முதல் சில முறைகளிலேயே அவற்றைக் கழித்துவிடுங்கள். மூன்று சீட்டு வரிசை என்று பார்த்தால் ராஜா இரண்டே இரண்டில்தான் சேரும். 7 மூன்றில் சேரும். 2, 3 போன்ற சின்னச் சீட்டுகள் பூம்பாறைப் பூண்டு மாதிரி. கொஞ்ச நாள் கிடந்தாலும் பாதகமில்லை.

ரம்மி வெறும் அதிர்ஷ்டமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. செகந்திராபாத் கிளப் ஒன்றின் மீதான சத்தியநாராயணா வழக்கில், 1967-இல், நீதிமன்றம் சொன்ன பதில் இந்த இடத்தைத்தான் தொட்டது: விழும் சீட்டை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதைப் போடுவது என்பதில் திறமை வேண்டும், ஆகவே இது முழுக்க அதிர்ஷ்ட ஆட்டமன்று. சூதாகவோ கிளப் லாபத்துக்காகவோ நடந்தால் குற்றமாகும் என்பதையும் அந்தத் தீர்ப்பு சேர்த்தே சொன்னது.

ஸ்கூட்

ஜோக்கர் இல்லை, அடுத்தடுத்த சீட்டுகள் இல்லை, படமாக வந்து குவிந்திருக்கிறது. அப்போது முதல் சீட்டை எடுக்கும் முன்பே கையைக் கவிழ்த்துவிடலாம். இது ஸ்கூட்; 20 புள்ளி. ஒரு முறையாவது எடுத்தபின் விட்டால் 40. ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டிக்கொண்டே வரும்போது யார் கணக்கு முதலில் 101-ஐத் தொடுகிறதோ அவர் தோற்றார். ஐந்து தடவை ஸ்கூட் விட்டாலும் 100-தான். இன்னும் ஆட்டத்தில் இருப்பீர்கள். ஒரு ஃபுல் கவுண்டோ நான்கு ஸ்கூட்டுக்குச் சமம். அடுப்பில் ஏற்றும் முன்பே இது தேறாது என்று தெரிந்துகொள்வதும் சமையல்தான்.

பணம் வைத்தால் முதலில் போவது இந்த ஸ்கூட் விடும் மனசுதான். விட்டதைப் பிடிக்க வேண்டும் என்று நினைப்பவருக்குக் கையைக் கவிழ்க்க வராது. இணைய ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகளைத் தொடர்ந்து 2022-இல் இதை ஆராய நீதிபதி சந்துரு குழுவும், அதையடுத்துத் தமிழ்நாட்டின் தடைச் சட்டமும் வந்தன. ரம்மியைத் தடைப்பட்டியலில் சேர்த்தது செல்லாது என்று 2023-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2025-இல் மத்திய அரசின் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைத் தடைசெய்தது. வீட்டு ரம்மிக்குத் தாளில் எழுதும் புள்ளியே போதுமான பந்தயம்.

புதிதாகக் கற்பவரோடு முதல் ஓரிரு ஆட்டத்தைச் சீட்டுகளை விரித்து வைத்தே ஆடுங்கள். எதை ஏன் போடுகிறீர்கள் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வரிசை கட்டுவதை யாரும் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். மோசமான கையைப் பார்த்து, முகம் சுளிக்காமல், தானாக 20-ஐ வாங்கிக்கொண்டு ஒருவர் சீட்டைக் கவிழ்க்கிறாரா, அவருக்கு ரம்மி வந்துவிட்டது.