கடன் மனுவைப் புரட்டிப் பார்க்கிறோம், வேட்பு மனுவைப் பார்க்கிறோமா?



நம்ம குழுவில் ஒரு உறுப்பினர் பத்தாயிரம் ரூபாய் உள்கடன் கேட்டால், உடனே எடுத்துக் கொடுத்துவிடுகிறோமா? இல்லை. "ஏனம்மணி, எதுக்குக் காசு? போன கடன் முடிஞ்சுதா? மாசம் எவ்வளவு கட்டுவ? உனக்கு யாரு ஜாமீன்?" என்று வட்டமாக உட்கார்ந்து கேட்கிறோம். பதில் சரியாக இருந்தால்தான் தீர்மான நோட்டில் கையெழுத்து விழுகிறது. கேட்கிறவர் சொந்த அக்கா தங்கச்சியாக இருந்தாலும் இதே கேள்விதான்.

ஆனால் ஐந்து வருஷத்துக்கு டெல்லிக்கு அனுப்புகிற ஆளிடம் நாம் ஒரு கேள்வியாவது கேட்கிறோமா? "பேரைச் சொல்லுங்க்கா, போட்டுடறோம்" என்கிறோம். வீட்டுக்காரர் சொன்னார், ஊர்ப் பெரியவர் சொன்னார் என்று பட்டனை அமுக்கிவிட்டு வந்துவிடுகிறோம். 2024 தேர்தலை ஒட்டி எங்கள் கூட்டமைப்பில் இதைப் பற்றி நிறையப் பேசினோம். அதை எல்லாக் குழுக்களும் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை.

"அது டவுன் தொகுதிங்க, நமக்கென்ன?"

சூலூர், பல்லடம் பக்கத்துச் சகோதரிகள் அடிக்கடி சொல்வது இது. கோயம்புத்தூர் நாடாளுமன்றத் தொகுதி என்றதும் காந்திபுரமும் உக்கடமும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அந்தத் தொகுதியில் ஆறு சட்டமன்றத் தொகுதிகள் இருக்கின்றன: கோவை வடக்கு, கோவை தெற்கு, சிங்காநல்லூர், கவுண்டம்பாளையம், சூலூர், பல்லடம். பல்லடம் திருப்பூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. இருந்தாலும் எம்.பி. ஓட்டு கோவைக்குத்தான். விசைத்தறி ஓட்டுகிற ஊரும், கோழிப்பண்ணை இருக்கிற ஊரும், நாம் ஆடு மாடு மேய்க்கிற காடும் இந்த 'டவுன் தொகுதி'க்குள்தான் வருகின்றன.

2024-ல் இங்கே ஜெயித்தவருக்கும் அடுத்து வந்தவருக்கும் வித்தியாசம் 1,18,068 ஓட்டு. சூலூரும் பல்லடமும் சேர்ந்தால் லட்சக்கணக்கான ஓட்டு இருக்கிறது. அதனால் டவுன்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று நாம் ஒதுங்கி இருக்க முடியாது.

எம்.பி.க்கு என்ன வேலை?

தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் அது ஊராட்சியின் வேலை. ரேஷன் கார்டு, பட்டா எல்லாம் மாநில அரசின் கையில். எம்.பி.யின் முதல் வேலை சட்டம் போடுவதும், மத்திய அரசின் வரவு செலவுக்கு ஒப்புதல் தருவதும், மந்திரிகளைக் கேள்வி கேட்பதும்தான். தொகுதி வளர்ச்சி நிதி என்று வருஷத்துக்கு 5 கோடி ரூபாய்க்கு வேலைகளைப் பரிந்துரை செய்யலாம். அது இரண்டாவதுதான்.

இது நம்மை எப்படித் தொடுகிறது? நூறு நாள் வேலைச் சட்டத்தை 2005-ல் நிறைவேற்றியது நாடாளுமன்றம். 2025 டிசம்பரில் அதை மாற்றி, 125 நாள் வேலை என்று சொல்கிற வேறு ஒரு சட்டத்தை நிறைவேற்றியதும் அதே நாடாளுமன்றம்தான். அட்டையை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்கள் நாம். அதற்குக் கை தூக்குகிறவர் அங்கே உட்கார்ந்திருக்கிற எம்.பி. அவர் யாரென்று தெரியாமல் அனுப்பலாமா?

வேட்பாளர் பட்டியல் எப்படித் தயாராகிறது?

25 வயது நிரம்பிய இந்தியக் குடிமகன் யாரும் நிற்கலாம், பெண்களும்தான். நாட்டில் ஏதாவது ஒரு தொகுதியில் வாக்காளராக இருந்தால் போதும். அதே தொகுதிக்காரராக இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

அங்கீகாரம் பெற்ற கட்சியின் வேட்பாளருக்குத் தொகுதி வாக்காளர் ஒருவர் முன்மொழிந்தால் போதும். மற்றக் கட்சிக்காரர்களுக்கும் சுயேச்சைகளுக்கும் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். நம்ம கடனுக்கு ஜாமீன் கையெழுத்து மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். டெபாசிட் 25,000 ரூபாய். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 12,500 ரூபாய். செல்லுபடியான ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்காவிட்டால் அந்தப் பணம் திரும்பி வராது.

2024-ல் தமிழ்நாட்டில் மார்ச் 20 அன்று மனு வாங்கத் தொடங்கினார்கள். 27-ம் தேதி கடைசி. 28 அன்று பரிசீலனை. 30 அன்று வாபஸ் வாங்கக் கடைசி நாள். அன்று மாலைதான் முழுப் பட்டியலும் வந்தது. ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19. அதாவது, யார் யார் நிற்கிறார்கள் என்று தெரிந்த பிறகு நமக்குக் கிடைத்தது 20 நாள்தான்!

கோவையில் அப்போது நின்றவர்கள் 37 பேர். ஒரு இயந்திரப் பெட்டியில் நோட்டாவையும் சேர்த்து 16 பட்டன்தான் உண்டு. அதனால் பூத்தில் மூன்று பெட்டிகளை வரிசையாக வைத்திருந்தார்கள். முதல் பெட்டியைப் பார்த்ததுமே, "என்னங்க்கா, மளிகை லிஸ்ட் மாதிரி இருக்குது!" என்று ஒரு சகோதரி சிரித்தார்.

தி.மு.க. சார்பில் முன்னாள் மேயர் கணபதி ராஜ்குமார், பா.ஜ.க. சார்பில் அப்போதைய மாநிலத் தலைவரும் முன்னாள் போலீஸ் அதிகாரியுமான அண்ணாமலை, அ.தி.மு.க. சார்பில் சிங்கை ராமச்சந்திரன், நாம் தமிழர் கட்சி சார்பில் கலாமணி ஜெகநாதன் ஆகியோர் நின்றார்கள். மீதிப் பேர் சிறிய கட்சிகளும் சுயேச்சைகளும். ஜெயித்தது கணபதி ராஜ்குமார். முதல் மூன்று பேருக்குத்தான் டெபாசிட் திரும்பியது. 34 பேர் இழந்தார்கள். இழந்தவர்கள் எல்லோரும் வீணாக நின்றார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. ஒரு கோரிக்கையை ஊருக்குச் சொல்ல நிற்கிறவர்களும் உண்டு. தெலங்கானாவில் நிஜாமாபாத் தொகுதியில் 2019-ல் மஞ்சள் விவசாயிகள் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் விலை கேட்டு மனுப் போட்டார்கள். மொத்தம் 185 வேட்பாளர்கள். நாடே அந்தத் தொகுதியைத் திரும்பிப் பார்த்தது.

பேரும் சின்னமும் ஏமாற்றும்

சின்னத்தை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு போகாதீர்கள். நாம் தமிழர் கட்சி 2019-லும் 2021-லும் கரும்பு விவசாயி சின்னத்தில் நின்றது. 2024-ல் அதற்குக் கிடைத்தது மைக். பழைய சின்னத்தைத் தேடினவர்கள் திகைத்துப் போயிருப்பார்கள். அதே 2024-ல் ராமநாதபுரம் தொகுதியில் முன்னாள் முதலமைச்சர் ஓ.பன்னீர்செல்வம் நின்றபோது, அதே பேரில் இன்னும் ஐந்து பேர் நின்றார்கள்! அதனால்தான் இயந்திரத்தில் பேர், போட்டோ, சின்னம் மூன்றும் ஒட்டியிருக்கிறார்கள். மூன்றையும் பார்த்துவிட்டு அமுக்குங்கள்.

வேட்பு மனுவில் என்ன இருக்கிறது?

மனுவோடு ஒவ்வொரு வேட்பாளரும் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2002-லும் 2003-லும் தந்த தீர்ப்புகளால் நமக்குக் கிடைத்த உரிமை இது. அதில் இருப்பவை:

- அவர் மேல் இருக்கிற குற்ற வழக்குகள், தண்டனை பெற்றிருந்தால் அதன் விவரம்
- அவர், மனைவி அல்லது கணவர், அவரை நம்பி இருப்பவர்கள் பேரில் உள்ள நிலம், வீடு, நகை, வண்டி, வங்கிப் பணம்
- வங்கிக் கடன், அரசுக்குக் கட்ட வேண்டிய பாக்கி
- ஐந்து வருஷ வருமான வரிக் கணக்கில் காட்டிய வருமானம்
- தொழில், படிப்பு

எந்தக் கட்டத்தையும் காலியாக விடக் கூடாது. பொய் சொன்னால் ஆறு மாதம் வரை சிறை உண்டு. வழக்கு இருக்கிறவர்கள் அதைப் பத்திரிகையிலும் டிவியிலும் மூன்று முறை விளம்பரம் செய்ய வேண்டும். இந்தப் பத்திரத்தைத் தேர்தல் நடத்தும் அலுவலரின் ஆபீஸ் பலகையில் ஒட்டுவார்கள். தேர்தல் கமிஷனின் இணையதளத்திலும் போடுவார்கள்.

இனி நம்ம கேள்விகளைத் திருப்பிப் பாருங்கள். "போன கடன் முடிஞ்சுதா?" என்பதற்குப் பதில் பாக்கி விவரத்தில் இருக்கிறது. "கையில என்ன இருக்குது?" என்பதற்குச் சொத்து விவரம். ஏற்கெனவே எம்.பி.யாக இருந்தவர் என்றால் போன தேர்தலில் கொடுத்த பத்திரமும் இருக்கும். அப்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். நாடாளுமன்றத்துக்கு எத்தனை நாள் போனார், எத்தனை கேள்வி கேட்டார் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. வழக்கு இருக்கிறது என்றாலே கெட்டவர் என்று அர்த்தமில்லை. ஊருக்காகப் போராடினவர் மேலும் வழக்கு இருக்கும். என்ன வழக்கு என்று படித்துப் பார்க்க வேண்டும்.

நாங்கள் பட்ட பாடு

ஒளிக்காமல் சொல்கிறோம். 2019-ல் எங்கள் கூட்டமைப்பில் ஒரு குழுவுக்கு ஒரு கட்சிக்காரர் வந்து, "குழு ஓட்டு மொத்தமும் எங்களுக்கு வந்தா சமுதாயக் கூடத்துக்குச் சேர் வாங்கித் தர்றோம். இல்லைன்னா பேங்க் லோன் எப்படி வருதுன்னு பார்த்துக்கறோம்" என்று சொன்னார். ஊக்குநர் பயந்துபோய்த் தலையாட்டிவிட்டார். இரண்டு உறுப்பினர்கள் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "எங்க ஓட்டை வெலை பேச நீ யாரு?" என்று கேட்டார்கள். பேச்சு முற்றி, இரண்டு பேரும் சேமிப்பை நிறுத்திவிட்டார்கள். எட்டு வருஷம் ஒன்றாக உட்கார்ந்த குழு, சேருக்காக உடைந்தது. சேரும் வரவில்லை. கூட்டமைப்பு அப்போதே போய்ப் பேசியிருக்க வேண்டும். நாங்கள் பேசாமல் இருந்தது தப்பு.

2024-ல் அந்தத் தப்பைத் திரும்பச் செய்யவில்லை. பட்டியல் வந்ததும் இ-சேவை மையத்தில் சில வேட்பாளர்களுடைய பத்திரங்களைப் பிரிண்ட் எடுத்தோம். கட்சி பார்த்து எடுக்கவில்லை. குழுவில் யார் யாரைப் பற்றிக் கேட்டார்களோ அத்தனை பேருடையதும் எடுத்தோம். கல்லூரி படிக்கிற நம்ம பிள்ளைகள் வாசித்தார்கள். யாருக்குப் போடு என்று ஒருவரும் சொல்லவில்லை. விட்டுப்போன அந்த இரண்டு சகோதரிகளையும் வீட்டுக்கே போய்க் கூப்பிட்டோம். ஒருவர் வந்தார். மற்றவர் இன்னும் வரவில்லை.

பயம் வேண்டாம்

வங்கிக் கடன் நம்ம சேமிப்பையும், திருப்பிக் கட்டின ஒழுங்கையும் பார்த்து வருகிறது. ஓட்டைப் பார்த்து அல்ல. பட்டனை அமுக்கியதும் ஏழு விநாடி கண்ணாடிக்குள் சீட்டுத் தெரியும். பிறகு அது பெட்டிக்குள் விழுந்துவிடும். ஒரு பூத்தில் யாருக்கு எத்தனை ஓட்டு என்பது எண்ணின பிறகு தெரியும். யார் யாருக்குப் போட்டார்கள் என்பது யாருக்கும் தெரியாது. ஓட்டுக்குப் பணம் கொடுப்பது மட்டுமல்ல, வாங்குவதும் குற்றம்தான். ஒரு வருஷம் வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ வரலாம். யாராவது மிரட்டினால் 1950 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

பெண்கள் எங்கே?

கோவையில் பார்வதி கிருஷ்ணன் 1957-லும், 1974 இடைத்தேர்தலிலும், 1977-லும் ஜெயித்து டெல்லி போனார். அதற்குப் பிறகு 2024 வரை இந்தத் தொகுதியில் ஒரு பெண்ணும் ஜெயிக்கவில்லை. 2024-ல் தமிழ்நாடு முழுக்க நின்ற 950 பேரில் பெண்கள் 76. ஜெயித்த 39 பேரில் பெண்கள் 5. மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்று 2023-ல் அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகுதான் அது நடைமுறைக்கு வரும் என்று அந்தத் திருத்தமே சொல்கிறது. அந்த நாள் வரும்போது வேட்பாளராக நிற்க நம்மில் யார் தயாராக இருக்கிறோம்?

இந்த மாதக் கூட்டத்தில் செய்ய வேண்டியவை

1. ஒவ்வொருவரும் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிறதா என்று பாருங்கள். அட்டை கையில் இருந்தாலும் பட்டியலில் பேர் இல்லாவிட்டால் ஓட்டுப் போட முடியாது.
2. நம்ம ஊர் எந்த நாடாளுமன்றத் தொகுதி, எந்தச் சட்டமன்றத் தொகுதி, இப்போது யார் என்று எழுதிச் சமுதாயக் கூடத்தில் ஒட்டுங்கள்.
3. அடுத்த தேர்தல் எதுவானாலும், பட்டியல் வந்த வாரமே வேட்பாளர்களின் பத்திரங்களை எடுத்து வாசியுங்கள். சட்டமன்றத் தேர்தலுக்கும் இதே பத்திரம் உண்டு.
4. தீர்மான நோட்டில் இந்த வரியை எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: "குழுவுக்கு ஓட்டுக் கிடையாது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஓட்டு உண்டு. அதை யாரும் பேசி முடிக்கக் கூடாது."

வராமல் இருக்கிற அந்தச் சகோதரியின் வீட்டுக்கு அடுத்த மாதமும் போகிறோம். இந்தத் தீர்மானத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போகப் போகிறோம்.