உணவு தரும் உயிர்வேலி

வேலியே பயிரை மேய்ந்தால் விளைவது எப்படி என்று கேட்பார்கள். வேலியையே பயிராக்கிக்கொண்டால் வீட்டுக்குக் கீரைக்கும் ஊறுகாய்க்கும் குறைவிராது.

திருச்சியைச் சுற்றியுள்ள கிராமங்களில் கொல்லைக்கு முள் படல் கட்டுவதும், கிளுவைப் போத்து நடுவதும் பழைய வழக்கம். படல் முள் வெயிலில் காய்ந்து, மழையில் மக்கிப் போகும்; அடிக்கடி மாற்றிக் கட்ட வேண்டும். கிளுவை நல்ல காவல்தான். ஆனால் சமையலுக்கு ஒன்றும் தராது. கல்தூண் நட்டுக் கம்பி கட்டுவதென்றால் சிறு விவசாயிக்குக் கட்டுபடியாகாது. வேலிக்கென விடும் இடத்திலேயே கீரை, காய், பழம் தரும் செடிகளை நட்டால் காவலும் ஆகும், குடும்பத்துக்கு உணவும் ஆகும்.

இரண்டு வரிசை தேவை

பலர் முருங்கையையும் அகத்தியையும் ஓரமாக நட்டு, வேலி பிடிக்கவில்லை என்று கைவிட்டு விடுகிறார்கள். காரணம் எளிது. மனிதர் விரும்பும் கீரையை ஆடும் விரும்பும். வெளிப்புறம் நட்ட அகத்தி ஒரு கோடையைத் தாண்டாது. எனவே வெளியே முள்ளுள்ள பழச்செடி ஒரு வரிசை, உள்ளே கீரைச் செடி ஒரு வரிசை என்று அமைக்க வேண்டும்.

வெளி வரிசைக்கு ஏற்றவை கொடுக்காப்புளியும் களாவும். இரண்டும் வறட்சி தாங்கும். முள்ளிருப்பதால் ஆடு, மாடு நெருங்கத் தயங்கும். உள் வரிசைக்கு முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, தவசிக்கீரை ஆகியவை ஏற்றவை. மூலைகளில் சுண்டை வைக்கலாம்.

மண்ணுக்கேற்ற செடி

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட ஸ்ரீரங்கம் தீவில் வண்டல் மண். அகத்தியும் தவசிக்கீரையும் இங்கே செழித்து வளரும். ஆனால் ஆற்றில் வெள்ளம் ஓடும் நாட்களில் தாழ்வான கொல்லைகளில் நீர் ஊறி நிற்கும். களாவுக்கும் முருங்கைக்கும் வேரில் நீர் தேங்கக் கூடாது. அத்தகைய இடங்களில் ஓரடி உயரத்துக்குக் கரை போட்டு, கரையின் மேல் நட வேண்டும்.

ஆற்றுக்குத் தெற்கே மேட்டு நிலங்களில் செம்மண்ணும், சில இடங்களில் களர் மண்ணும் உண்டு. களர் நிலத்தில் கொடுக்காப்புளியே கை கொடுக்கும். அங்கே கீரை வரிசைக்குக் குழி எடுத்து, களர் மண்ணை நீக்கிவிட்டுச் செம்மண்ணும் தொழு உரமும் கலந்து நிரப்பிய பிறகே நட வேண்டும். மண் எத்தகையது என்று சந்தேகமிருந்தால் மண் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. நவலூர் குட்டப்பட்டு வேளாண்மைக் கல்லூரியும் சிறுகமணி வேளாண்மை அறிவியல் நிலையமும் திருச்சி வட்டார விவசாயிகளுக்கு அருகிலேயே உள்ளன.

நடும் முறை

தண்ணீர் வசதியுள்ளவர்கள் ஆடியிலும், மழையை நம்பியவர்கள் புரட்டாசி முதல் மழையிலும் நடலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் செடிகள் நன்கு வேர் பிடித்துவிடும்.

எல்லைக் கோட்டிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி வெளி வரிசையை அமைக்க வேண்டும். கோட்டின் மேலேயே நட்டால் கிளை அடுத்தவர் நிலத்தில் சாயும். பின்னால் வழக்கு வரும். வெளிப்புறம் நின்று வெட்டவும் பறிக்கவும் அந்த இடம் உதவும். வெளி வரிசைக்கும் உள் வரிசைக்கும் மூன்றடி இடைவெளி விட வேண்டும். இவ்வளவு இடமில்லாத சிறு கொல்லைகளில் வெளி வரிசை மட்டும் போட்டு, கீரையைப் பாத்தியில் வைத்துக்கொள்ளலாம்.

கொடுக்காப்புளியை விதைத்தே வளர்க்கலாம். ஓரடிக்கு ஒரு குழியாக, குழிக்கு இரண்டு விதை ஊன்ற வேண்டும். 100 அடி வேலிக்கு 200 விதை போதும். களாவுக்கு ஓராண்டு வளர்ந்த கன்றுகளை இரண்டடிக்கு ஒன்றாக நட வேண்டும். 100 அடிக்குச் சுமார் 50 கன்று ஆகும்.

அதே 100 அடி உள் வரிசையில், 40 அடிக்கு முருங்கை இரண்டடி இடைவெளியில் 20 செடி, 20 அடிக்கு அகத்தி ஓரடி இடைவெளியில் 20 செடி, 20 அடிக்குக் கறிவேப்பிலை இரண்டடி இடைவெளியில் 10 செடி, மீதி 20 அடிக்குத் தவசிக்கீரை ஓரடி இடைவெளியில் 20 குச்சி என்று பிரித்துக்கொள்ளலாம். பாத்திரம் கழுவும் தண்ணீர் பாயும் பக்கத்தைத் தவசிக்கீரைக்கு ஒதுக்குவது நல்லது. அதற்கு எப்போதும் ஈரம் வேண்டும்.

முதல் ஆண்டு முழுவதும் வெளிப்புறம் முள் படல் அவசியம். கன்று வேலியாகும் வரை கன்றுக்கே வேலி தேவை.

எப்போது வெட்டுவது?

உயிர்வேலி கெட்டியாவது வெட்டுவதால்தான். கன்று ஒன்றரை அடி வளர்ந்ததும் நுனியை அரையடி வெட்டிவிட வேண்டும். பிறகு ஓரடி வளரும் போதெல்லாம் அரையடி வெட்ட வேண்டும். வளரட்டும் என்று விட்டுவிட்டால் செடி மேலே போகும்; அடி வெறுமையாகி, ஆட்டுக்குட்டி நுழைய வழியாகும். வேலியின் அடி அகலமாகவும் தலை குறுகலாகவும் இருந்தால் கீழ்க்கிளைக்கும் வெயில் கிடைக்கும்.

கீரை வரிசையில் இந்த வேலை தானாகவே நடந்துவிடும். முருங்கையை மூன்றடி உயரத்தில் வெட்டி, துளிர்க்கத் துளிர்க்கக் கீரையாகப் பறிக்கலாம். அகத்தியை மட்டும் அடியோடு வெட்டக் கூடாது, பட்டுவிடும். நுனியைக் கிள்ளி, பக்கக் கிளைகளில் கீரை பறிக்க வேண்டும். அது நீண்ட நாள் வாழும் மரமல்ல. இடையிடையே புது விதை ஊன்றி வர வேண்டும்.

பழ வரிசையில் கண்டபடி வெட்டினால் காய் இராது. கொடுக்காப்புளியில் 15 அடிக்கு ஒரு மரத்தை உயர விட்டு, மற்றவற்றை ஐந்தடியில் நிறுத்தலாம். உயர விட்ட மரங்கள் காய்க்கும். மற்றவை காவல் காக்கும். வேலி நன்கு அமைந்த பிறகு, கொடுக்காப்புளி பறித்து முடிந்ததும் வைகாசியிலும், களா பறித்து முடிந்ததும் ஆவணி, புரட்டாசியிலும் ஆண்டுக்கு ஒரு முறை கவாத்து செய்தால் போதும்.

கவனிக்க வேண்டியவை

மழைக்காலத்தில் முருங்கைத் தண்டில் கம்பளிப்பூச்சி கூட்டமாக அடையும். தீப்பந்தத்தால் சுட்டு அழிக்கலாம். அடுப்புக்குப் போகும் கீரையில் பூச்சிமருந்து தெளிக்கக் கூடாது.

தவசிக்கீரையைச் சமைத்து, அளவாகவே உண்ண வேண்டும். 1990-களில் தைவானில் உடல் மெலியுமென்று இதைப் பச்சையாகச் சாறு பிழிந்து நாள்தோறும் குடித்தவர்களில் பலருக்கு நுரையீரல் கெட்டது. சிலர் இறந்தும் போனார்கள்.

அரளி, காட்டாமணக்கு போன்ற நச்சுச் செடிகளை இந்த வேலியில் கலந்து நடக் கூடாது. பறித்துத் தின்னப் பழகிய குழந்தைகளுக்கு எது பழம், எது நஞ்சு என்று தெரியாது. சீமைக்கருவேலை வேலிக்கென்று வைத்தால் அது கொல்லைக்குள்ளேயே வந்துவிடும்.

வீட்டுச் செலவு போக மிஞ்சுவதை விற்கலாம். வைகுண்ட ஏகாதசிக்கு மறுநாள் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் சுண்டைக்காயும் நெல்லிக்காயும் சேர்ப்பது வழக்கம். அந்த நாளில் ஸ்ரீரங்கத்தில் அகத்தியும் சுண்டையும் வைத்திருப்பவர் ஆள் தேடிப் போக வேண்டியதில்லை. அதை எண்ணி மார்கழியில் அகத்தியை ஒட்டப் பறிக்காமல் விட்டுவைக்க வேண்டும்.

முதல் ஆண்டு படலும் தண்ணீரும், அடுத்த ஆண்டிலிருந்து அரிவாளும் தவறாமல் வேலை செய்தால், மூன்றாம் ஆண்டில் வேலி தன்னைத் தானே காத்துக்கொள்ளும், வீட்டுக்கும் சோறூட்டும்.