துபாய் - சென்னை: நாலு மணி நேரப் பயணம்... 48 நாள் காத்திருப்பு!

``எது ஒண்ணுன்னாலும் நாலு மணி நேரத்துல வந்து நின்னுடுவேன்மா!''

துபாய்க்குக் கிளம்பும் பிள்ளைகள் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தை இது. 2020-ல் அந்த வார்த்தையைக் காப்பாற்ற முடியாமல் போனது.

கொரோனா பரவலால், அந்த ஆண்டு மார்ச் 22 அதிகாலை 5.30 மணிக்குப் பிறகு, எந்த வெளிநாட்டிலிருந்தும் இந்தியாவுக்குப் பயணிகள் விமானம் கிளம்பக் கூடாது என அரசு அறிவித்தது. முதலில் ஒரு வாரம்தான் என்றார்கள். அந்த ஒரு வாரம் நீண்டுகொண்டே போனது.

வேலை போனவர்கள் அறை வாடகைக்கு அல்லாடினார்கள். வேலை தேடி விசிட் விசாவில் போனவர்களிடம் கையிருப்பு கரைந்தது. கர்ப்பிணிகளின் கவலை வேறு. 36 வாரங்களைத் தாண்டிவிட்டால் பெரும்பாலான விமானங்களில் ஏற்ற மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு நாளையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும்விடக் கொடுமை, ஊரில் நடந்த சாவு. பெற்ற தகப்பனின் முகத்தைக்கூட செல்போன் திரையில் கடைசியாகப் பார்த்துவிட்டு, அறையில் தனியே அழுதவர்கள் உண்டு.

மே 7-ம் தேதி 'வந்தே பாரத்' திட்டத்தில் சிறப்பு விமானங்கள் கிளம்பின. துபாயிலிருந்து சென்னைக்கு முதல் விமானங்கள் வந்திறங்கியது மே 9 அதிகாலையில். கர்ப்பிணிகள், முதியவர்கள், நோயாளிகள், வேலை இழந்தவர்களுக்கு முன்னுரிமை. டிக்கெட் பணம் அவரவர் கையிலிருந்துதான். வந்திறங்கியும் உடனே வீட்டுக்குப் போக முடியவில்லை. முதலில் தனிமைப்படுத்தும் முகாம்.

சிலரைக் கப்பலும் கரைசேர்த்தது. ஜூன் மாதம் கொழும்பு, மாலத்தீவிலிருந்து கிளம்பியவர்களைக் கடற்படையின் ஐ.என்.எஸ். ஜலஷ்வா கப்பல் தூத்துக்குடிக்கு அழைத்துவந்தது. வழக்கமான சர்வதேச விமானங்கள் மீண்டும் ஓடத் தொடங்கியதோ, 2022 மார்ச் 27-ல்தான்.

போர், புயல், எரிமலைச் சாம்பல் என விமானம் ரத்தாக இன்றும் காரணங்கள் இருக்கின்றன. உங்கள் வீட்டிலும் யாராவது வெளிநாட்டில் இருக்கிறார்களா? அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஊர் திரும்பும் டிக்கெட்டுக்கான பணத்தைத் தொடாமல் தனியே வைத்திருக்கட்டும். பாஸ்போர்ட், விசா நகல் ஒன்று உங்களிடமும் இருக்கட்டும். கையில் பணமே இல்லாமல் தவித்தால், தூதரகத்தில் 'இந்திய சமூக நல நிதி' இருக்கிறது. தகுதியானவர்களுக்குத் தங்குமிடமும் டிக்கெட்டும் அதிலிருந்து கிடைக்கும்.

முக்கியமாக, இன்று இரவு ஒரு போன் போட்டுப் பேசிவிடுங்கள்!