தேர் முந்தும், சைக்கிள் பிந்தும்

காஞ்சிபுரத்தில் சரிகை வாங்கும் பழைய கைகள் இழையின் நுனியைப் பிரித்துப் பார்க்கும். தட்டையான வெள்ளிக் கம்பி அவிழ்ந்து உள்ளே சிவப்புப் பட்டு தெரிந்தால் நல்ல சரிகை. பட்டும் ஒரு பாலிமர்தான். ஆனால் வெள்ளி அதைச் சுற்றியிருக்கிறதே தவிர அதனோடு பிணையவில்லை. சங்கிலிக்குள்ளேயே உலோகம் கண்ணியாக அமைந்த பாலிமர்களும் உண்டு. அவற்றைச் சோதிக்க நகம் போதாது, குரோமட்டோகிராபி வேண்டும்.

1992-இல் டொராண்டோவில் இயன் மேனர்ஸ் குழு வெளியிட்ட பாலிஃபெரோசெனில்சிலேனை எடுத்துக்கொள்வோம். இதன் மோனோமர் சிவப்புப் படிகம். இரு கார்பன் வளையங்களுக்கு நடுவே இரும்பு; இந்த அமைப்புதான் ஃபெரோசீன். வளையங்களைச் சிலிக்கான் ஒரு பக்கமாக இழுத்துக் கட்டியிருக்கும். அந்த இறுக்கம்தான் வினைக்கு உந்துதல். காற்றும் ஈரமும் புகாத குடுவையில் டெட்ராஹைட்ரோஃபியூரானில் கரைத்து, பியூட்டைல் லித்தியம் சில துளி விட்டால் கட்டு அவிழ்ந்து ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். சிவப்பு மெல்ல அம்பர் நிறமாகும். மோனோமர் தீர்கிறது என்று நிறம் சொல்லும். சங்கிலி எவ்வளவு நீண்டது என்று சொல்லாது.

அதற்காகச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை மாதிரி எடுத்து, உடனே ஒரு துளி மெத்தனால் விடவேண்டும். தாமதித்தால் ஊசிக்குள்ளேயே சங்கிலி வளர்ந்துகொண்டிருக்கும். பிறகு உலர்த்தி, மில்லிக்கு ஓரிரு மில்லிகிராம் வீதம் கரைத்து, 0.45 மைக்ரான் வடிகட்டியில் விட்டு குரோமட்டோகிராபிக் கருவியில் செலுத்தலாம்.

கருவியின் உள்ளே எஃகுக் குழாய். அதில் நுண்துளைகள் நிறைந்த பாலிஸ்டைரின் மணிகள். காஞ்சியில் வைகாசியில் வரதராஜப் பெருமாள் தேர் அகலமான வீதியில்தான் போகும், சந்துக்குள் திரும்பாது. சைக்கிள்காரரோ கண்ட சந்திலெல்லாம் நுழைந்து வருவார். மணிகளின் துளைகள்தான் இங்கே சந்துகள். நீண்ட சங்கிலி நுழைய முடியாமல் முதலில் வெளியேறும், குட்டை மூலக்கூறு கடைசியில். நிஜத் தேர் நின்று நின்றுதான் நகரும் என்பது வேறு விஷயம்; இங்கே கரைப்பான் நிமிடத்துக்கு 1 மில்லி வீதம் தள்ளிக்கொண்டே இருக்கும்.

வாசலில் இரண்டு உணரிகள். ஒளிவிலகல் உணரி எது வந்தாலும் காணும். மற்றது 440 நானோமீட்டர் ஒளியில் ஃபெரோசீனை மட்டும் தேடும். இரண்டின் முகடுகளும் ஒரே இடத்தில் விழுந்தால் இரும்பு சங்கிலியோடுதான் வருகிறது. அடுத்தடுத்த மாதிரிகளில் மோனோமரின் முகடு சிறுக்கும், பாலிமரின் முகடு முந்தைய நேரத்துக்கு நகரும். முகடு ஒல்லியாக இருந்தால் எல்லாச் சங்கிலிகளும் ஒரே சமயத்தில் புறப்பட்டு வளர்ந்தவை. பின்பக்கம் வால் நீண்டால் எங்கோ ஈரம் புகுந்து சிலவற்றை அரைவழியில் நிறுத்தியிருக்கும்.

முகட்டின் நேரத்திலிருந்து கிடைக்கும் மூலக்கூறு எடையை அப்படியே நம்பக்கூடாது. பாலிஸ்டைரினை வைத்து அளவு குறித்த கருவி இது; இரும்புச் சங்கிலி சுருண்டு கிடக்கும் விதம் வேறு. உண்மை எடைக்கு ஒளிச்சிதறல் உணரி சேர்க்கவேண்டும். உலோகத்தை ஈதல் பிணைப்பால் கோத்த பாலிமர்களில் சிக்கல் இன்னும் பெரிது. ருத்தேனியம் பிடியை விடாது. துத்தநாகம் கரைசல் நீர்த்ததுமே நழுவும். அப்போது தாமதமாக வரும் குட்டை முகடு, குடுவையில் வளராத சங்கிலியா, குழாய்க்குள் அறுந்த சங்கிலியா என்று வேறு சோதனையில்தான் தெரியும்.