வகுப்புக்கு வெளியே - 7: குச்சி இறங்கும் இடம்

ஏப்ரல் பிறந்தால் போதும், தி.நகரிலும் மயிலாப்பூரிலும் சுவருக்குச் சுவர் சம்மர் கேம்ப் நோட்டீஸ். கீபோர்டு, அபாகஸ், ரோபோட்டிக்ஸ், பத்து நாளில் சரளமான ஆங்கிலம். இந்த வாரம் நாம் போகும் இடத்துக்கு நோட்டீஸ் கிடையாது. பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையில், வேலி கட்டிய ஒரு சின்ன மணல் திடல். பங்குனி ஆமை என்று நம்மவர்கள் சொல்லும் ஆலிவ் ரிட்லி ஆமைகளின் பொரிப்பகம் அது.

சென்னையில் ஆமைகளைத் தேடி ராத்திரி நடக்கும் வழக்கம் 1970களின் தொடக்கத்தில், பாம்புப் பண்ணை கண்ட ரோமுலஸ் விட்டேகரும் நண்பர்களும் தொடங்கியது. 1988-ல் அந்த வேலையை மாணவர்களே கையில் எடுத்துக்கொண்டார்கள். எஸ்.எஸ்.டி.சி.என். எனப்படும் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு பிறந்தது அப்படித்தான். பொதுத்தேர்வு நெருங்கும் ஜனவரியில்தான் ஆமைகள் கரையேறத் தொடங்கும். குஞ்சுகள் கடலுக்குப் போய் முடிவதற்குள் கோடை விடுமுறை வந்துவிடும்.

நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் நடை. நள்ளிரவை ஒட்டிக் கிளம்பினால் வந்து சேர விடிகாலை ஆகிவிடும். டிராக்டர் சக்கரம் உருண்டது போல ஈர மணலில் ஒரு தடம் தெரிந்தால் எல்லோரும் நின்றுவிடுவார்கள். ஆமை முட்டையிட்டு, குழியை மூடி, மணலைக் கலைத்துவிட்டுப் போயிருக்கும். முட்டை எங்கே?

ஒரு குச்சியால் மணலை மெதுவாகக் குத்திப் பார்க்க வேண்டும். கெட்டி மணல் குச்சியைத் தடுக்கும். குழி இருக்கும் இடத்தில் பொசுக்கென்று இறங்கும். கொஞ்சம் அழுத்திவிட்டால் முட்டை உடைந்துவிடும். முதல் தடவை குச்சி பிடிக்கும் பிள்ளைக்கு மணிக்கட்டு நடுங்கும். பிறகு குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டு, பிங்பாங் பந்து அளவு முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுக்க வேண்டும். நூறுக்கு மேல் இருக்கும். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துப்போகும். அதனால் தாமதிக்கவும் முடியாது, அவசரப்படவும் முடியாது. பொரிப்பகத்தில் அதே ஒன்றரை அடி ஆழத்துக்கு, கழுத்து குறுகி அடி அகன்ற பானை வடிவில் குழி தோண்டி மறுபடி புதைக்கிறார்கள்.

ஆணா பெண்ணா என்பதை எக்ஸ், ஒய் குரோமோசோம்கள் தீர்மானிக்கும் என்று பாடத்தில் படித்துவிட்டு வரும் பிள்ளைக்கு இங்கே ஓர் ஆச்சரியம். ஆமையில் அதை மணலின் சூடு தீர்மானிக்கிறது; சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண். இன்னொன்று தமிழ் வகுப்புக்கு. ஆமை மணலில் புதைத்த முட்டையைப் பற்றி அகநானூற்றின் 160-ஆம் பாட்டு பேசுகிறது. குஞ்சு வரும்வரை ஆண் ஆமை காவல் காக்கும் என்கிறது பாட்டு. உண்மையில் ஆண் கரைக்கு வருவதே இல்லை. அந்தக் காவல் வேலையைத்தான் இப்போது இந்தப் பிள்ளைகள் பார்க்கிறார்கள்.

கண்ணில் படுவதெல்லாம் உயிர் அல்ல. 2025 ஜனவரியில் மட்டும் சென்னையை ஒட்டிய கரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், இழுவலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சுமுட்டிச் சாகும். செத்ததையும் எண்ணிக் குறித்துக்கொள்வது இந்த நடையில் ஒரு வேலை. பதினாறு வயதில் அது சுலபமில்லை.

இங்கே மார்க் கிடையாது. ஆனால் தன் கை தவறினால் ஓர் உயிர் போகும் என்று தெரிந்து ஒரு வேலையைச் செய்யும் வாய்ப்பு, நம் பிள்ளைகளுக்கு வேறெங்கே கிடைக்கிறது? எதையும் தொடாதே, கெட்டுவிடும் என்றே வளர்க்கிறோம். இந்த மணலில் முப்பது வருஷத்துக்கு மேலாக, நம்பிக் கொடுத்திருக்கிறார்கள், பிள்ளைகளும் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் மாலை இருட்டும் நேரத்துக்கு எலியட்ஸ் பக்கம் போனால், உள்ளங்கை அளவுகூட இல்லாத குஞ்சுகள் கடலை நோக்கி நகர்வதைப் பார்க்கலாம். கயிற்றுக்குப் பின்னாலேயே நில்லுங்கள். செல்போன் விளக்கை மட்டும் போடாதீர்கள். குஞ்சுக்கு வெளிச்சம் இருக்கும் திசைதான் கடல்.

(தொடரும்)