பழைய எக்ஸ்பிக்கு எந்த கம்பைலர்?

"என் கம்ப்யூட்டரில் நன்றாக இயங்கும் புரோகிராம், அப்பா கடையிலுள்ள பழைய கம்ப்யூட்டரில் ஏன் திறக்க மறுக்கிறது?" புதிதாக கம்ப்யூட்டர் வாங்கி, சி++ பழகும் நண்பர்கள் பலர் என்னிடம் கேட்கும் கேள்வி இது.

விண்டோஸ் எக்ஸ்பிக்கான மைக்ரோசாப்டின் ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்துவிட்டது. ஆனாலும் சில இடங்களில் அதை விட முடிவதில்லை. என் உறவினரின் அச்சகத்தில் உள்ள பிரிண்டருக்கு எக்ஸ்பிக்கான டிரைவர் மட்டுமே உண்டு. புது பிரிண்டர் வாங்க வசதியில்லை. அவருக்காக பில் போடும் சிறிய புரோகிராம் ஒன்றைத் தயாரித்துக் கொடுத்தேன். அந்த வழியை இங்கே தருகிறேன்.

நாம் எழுதும் வரிகளை இயங்கும் பைலாக மாற்றித் தருவது கம்பைலர். அந்த பைலின் தலைப்பகுதியில், "குறைந்தது இந்தப் பதிப்பு விண்டோஸ் தேவை" என்று ஓர் எண்ணையும் அது எழுதி வைக்கும். எக்ஸ்பியின் எண் 5.1, விஸ்டாவின் எண் 6.0. பைலில் 6.0 என்று இருந்தால், இது முறையான வின்32 அப்ளிகேஷன் அல்ல என்று எக்ஸ்பி கூறிவிடும். எண்ணை மட்டும் திருத்தினால் போதாது. புதிய கம்பைலர் சேர்க்கும் லைப்ரரிகள், எக்ஸ்பியில் இல்லாத பங்ஷன்களை அழைக்கும்.

விஷுவல் ஸ்டுடியோ 2010 வரை இந்தத் தொல்லை இல்லை. 2012 பதிப்பிலிருந்து, தானாக அமையும் கம்பைலர் எக்ஸ்பியைக் கைவிட்டது. பின்னர் வந்த அப்டேட் 1, எக்ஸ்பிக்கென தனி டூல்செட் தந்தது. அந்த வரிசையில் கடைசியாக வந்தது, 2017 பதிப்பின் வி141_எக்ஸ்பி. இதனை 2019 பதிப்பிலும் சேர்த்துக் கொள்ளலாம்.

செய்ய வேண்டியவை:

1. விஷுவல் ஸ்டுடியோ இன்ஸ்டாலரில் இன்டிவிஜுவல் காம்போனன்ட்ஸ் பிரிவுக்குச் சென்று, 2017-க்கான எக்ஸ்பி சப்போர்ட் என்பதை டிக் செய்திடவும்.

2. மேலே உள்ள டூல்பாரில் ரிலீஸ், எக்ஸ்86 ஆகியவற்றைத் தேர்ந்தெடுக்கவும்.

3. புராஜக்ட் பிராப்பர்ட்டீஸ், ஜெனரல் சென்று, பிளாட்பார்ம் டூல்செட் என்ற இடத்தில் வி141_எக்ஸ்பி தேர்ந்தெடுக்கவும்.

4. அங்கேயே சி/சி++ பிரிவில் கோட் ஜெனரேஷன், ரன்டைம் லைப்ரரி சென்று, மல்டி-த்ரெடட் என்பதை அமைக்கவும். டிஎல்எல் என்று சேர்ந்து வருவது வேண்டாம். அப்போது ரன்டைமைத் தனியாக இன்ஸ்டால் செய்யத் தேவை இருக்காது.

எக்ஸ்பி கம்ப்யூட்டரில் சர்வீஸ் பேக் 3 இருக்க வேண்டும். பில்ட் செய்த பைலை பென் டிரைவில் எடுத்துச் சென்று அங்கேயே சோதித்துப் பாருங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்த டூல்செட்டில் புதிய வசதிகள் இனி வராது. எனவே உங்களுடைய மற்ற புராஜக்ட்களுக்கு, தானாக அமையும் கம்பைலரையே வைத்துக் கொள்ளுங்கள். எக்ஸ்பி கம்ப்யூட்டரை இன்டர்நெட்டில் இணைக்காமல் இருப்பதே நல்லது.